தேடலும் தெளிதலும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்கள் பாடப்புத்தகத்தில் தனிப் பாடமாக இடம் பெற்றிருப்பதன்று. ஆயினும் எல்லாப் பாடங்களுக்கும் அது வேண்டும். ஒரு செய்தியை எங்கே தேடுவது, கிடைத்ததை எவ்வாறு சோதிப்பது, சோதித்துத் தெளிந்ததை எவ்வாறு முறையாகக் குறித்து வைப்பது என்பதே அப்பொருள். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் வகுப்பறையிலேயே காலம் கழித்தவன் என்ற முறையில், நான் கண்ட சிலவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

நான் மாணவனாக இருந்தபோது எங்களுக்கு இருந்த குறை நூற்பஞ்சம். தமிழ் வளர்ச்சிக் கழகம் பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியம் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் இருந்தது. அதனைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருப்பார்கள். நூலகரிடம் பணிந்து கேட்டு, அவர் கண்ணெதிரே அமர்ந்து படித்து, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இன்று அத்தொகுதிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில், வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபடியே நீங்கள் புரட்டலாம். எங்களுக்கு ஒரு நாள் வேலையாக இருந்தது உங்களுக்கு ஒரு நிமிட வேலை. அதில் எனக்குப் பொறாமை இல்லை, மகிழ்ச்சியே. ஆனால், அதே கைப்பேசி அதே வேகத்தில் பொய்யையும் கொண்டுவந்து சேர்க்கிறது. கலைக்களஞ்சியத்தின் பக்கமும், பெயர் தெரியாத ஒருவர் பொழுதுபோகாமல் எழுதிய வரியும் ஒரே அளவுள்ள திரையில், ஒரே வடிவான எழுத்தில், ஒரே மதிப்புடையன போலத் தோன்றுகின்றன. எங்கள் காலத்தில் தேடுவது கடினமாக இருந்தது. உங்கள் காலத்தில் தெளிவது கடினமாகியிருக்கிறது.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பாடக்குறிப்பு எழுத எங்களுக்கு நன்றாகவே கற்பித்தார்கள். ஹெர்பார்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர் பெயரால் வழங்கும் படிகள் உண்டு: ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடல், பொதுமையாக்கல், பயன்படுத்தல். அவற்றை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இன்றும் ஒப்பிப்பேன். நல்ல முறைதான், குறை கூறமாட்டேன். எனினும் நாங்கள் பயின்ற வகையில் அந்த ஐந்து படிகளிலும் வினா எழுப்புபவர் ஆசிரியர். விடை கூறுபவன் மாணவன். மாணவன் எழுந்து, “ஐயா, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்பதற்கு அதில் ஒரு படி இல்லை. அந்த ஆறாவது படியை நானாகச் சேர்த்துக்கொண்டேன். அது பயன்பட்ட விதத்தைச் சொல்கிறேன்.

ஓராண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைத் தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றிக் கட்டுரை எழுதி வரச் சொன்னேன். எங்கள் ஊரிலிருந்து தஞ்சைக்குப் பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம். பெரும்பாலான கட்டுரைகளில் ஒரு செய்தி தவறாமல் இருந்தது: பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது. சொற்கள்கூட மாறவில்லை. ஒரு மாணவனை எழுப்பினேன்.

“தம்பி, நிழல் விழாது என்று எழுதியிருக்கிறாயே, உனக்கு எப்படித் தெரியும்?”

“புத்தகத்தில் இருக்கிறது, ஐயா.”

“எந்தப் புத்தகம்?”

“எங்கள் அண்ணன் வைத்திருக்கும் கட்டுரைப் புத்தகம், ஐயா.”

“நீ அந்தக் கோயிலுக்குப் போயிருக்கிறாயா?”

“மூன்று முறை போயிருக்கிறேன், ஐயா.”

“அப்போது நிழலைப் பார்த்தாயா?”

“இல்லை, ஐயா. விழாது என்றுதான் எல்லாரும் சொன்னார்களே!”

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தப் பையன் பொய் சொல்பவன் அல்லன். மூன்று முறை சென்றும் கண்ணைத் திறந்து பாராதபடி, கேள்விப்பட்ட ஒரு வாக்கியம் அவன் கண்ணை மறைத்துவிட்டது. 

அடுத்த சனிக்கிழமை காலை முதற் பேருந்தில் வகுப்பு முழுவதையும் அழைத்துச் சென்றேன். எட்டு மணிக்கெல்லாம் உள்ளே இருந்தோம். விமானத்தின் நிழல் மேற்கே முற்றத்தில் நீண்டு விழுந்து திருச்சுற்று மாளிகைவரை எட்டியிருந்தது. மாணவர்கள் நிழலின் விளிம்பு எந்தக் கல்வரை வந்திருக்கிறது என்று கால்மணிக்கு ஒருமுறை நேரத்தோடு குறித்துக்கொண்டனர். வெயில் ஏற ஏற நிழல் குறுகிக்கொண்டே வந்தது. அப்படியானால் அந்தக் கதை எங்கிருந்து பிறந்தது என்று ஒருவன் கேட்டான். அதுவும் நல்ல வினாவே. தஞ்சை நடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய பதினொரு பாகையில் உள்ளது. ஏப்ரல் மாதத்தின் நடுவிலும் ஆகஸ்டு மாதத்தின் பிற்பகுதியிலும் அங்கே நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறான். அடி அகன்று மேலே குறுகிச் செல்லும் விமானத்தின் நிழல் அந்நேரத்தில் அதன் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். நண்பகலில் வந்து நின்ற எவரோ கண்ட உண்மை, நாவிலிருந்து நாவுக்குத் தாவும்போது ‘நண்பகலில்’ என்ற சொல்லை இழந்திருக்கலாம். இது என் ஊகம். ஊகம் என்று சொல்லியே மாணவர்களிடமும் கூறினேன். கண்டதை ‘கண்டேன்’ என்றும், கருதியதை ‘கருதுகிறேன்’ என்றும் பிரித்து எழுதும் பழக்கம் அன்றுதான் அவ்வகுப்பில் தொடங்கியது. நம் முன்னோர் அளவை என்னும் இயலில் காட்சி, கருதல், உரை என்று பிரித்து வைத்தார்கள் அல்லவா? அந்தப் பிரிவினைக்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

திரும்பும் வழியில் ஒரு மாணவி கேட்ட கேள்வி என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது. “ஐயா, நிழலை நேரில் பார்த்துவிட்டோம். இந்தக் கோயிலை இராசராசன் கட்டினான் என்பதை யார் பார்த்தார்கள்?”

இது நிழலைவிடப் பெரிய வினா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் இக்கோயிலைக் கட்டியவர் யார் என்பதில் அறிஞரிடையே தெளிவு இருக்கவில்லை. தலபுராணம் கரிகாலன் பெயரைச் சொல்லியது. காடுவெட்டிச் சோழன் என்றொரு மன்னன் கட்டியதாக எழுதியோரும் உளர். கோயிலோ கண்முன் நின்றது. அதன் அதிட்டானத்தைச் சுற்றி எழுத்துகளும் இருந்தன. நாள்தோறும் மக்கள் அவற்றைக் கடந்து சென்றனர். 1886ஆம் ஆண்டு சென்னை அரசாங்கத்தின் கல்வெட்டறிஞராக வந்த ஹூல்ஷ் என்னும் ஜெர்மானியர் அவற்றைப் படித்தார். தஞ்சாவூரில் தான் எடுப்பித்த கற்றளிக்குத் தானும் தன் தமக்கையும் தன் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றைக் கல்லிலே வெட்டுமாறு இராசராசனே ஆணையிட்ட செய்தி அங்கே பொறிக்கப்பட்டிருந்தது. அம்மன்னனின் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டின் இருநூற்று எழுபத்தைந்தாம் நாளில் விமானத்தின் உச்சியில் வைக்கக் குடம் அளித்தான் என்பதும் அங்கே உள்ளது. அந்த ஆண்டு கி.பி. 1010. இக்கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் தொகுப்பின் இரண்டாம் தொகுதியில் அச்சாகியுள்ளன. மாவட்ட நூலகத்திலிருந்து அத்தொகுதியை வருவித்து அந்த மாணவியின் கையில் கொடுத்தேன். பழைய எழுத்து நடையைப் படிக்க அவள் மிகவும் இடர்ப்பட்டாள். விட்டுவிடவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவள் மற்றொரு சந்தேகத்தோடு வந்தாள். கற்களை உச்சிக்கு ஏற்றுவதற்காகச் சாரப்பள்ளம் என்னும் ஊரிலிருந்து சாய்தளம் அமைத்தார்கள் என்று எல்லாரும் எழுதுகிறார்களே, அது இந்தக் கல்வெட்டுகளில் இல்லையே என்றாள். இல்லைதான். பொன்னின் எடை இருக்கிறது, விளக்குக்கு விட்ட ஆடுகளின் கணக்கு இருக்கிறது, ஆடல் மகளிர் குடியிருந்த வீடுகளின் வரிசை இருக்கிறது. கல்லை ஏற்றிய முறை இல்லை. சாய்தளம் என்பது ஊர்ப்பெயரைக் கொண்டும் செவிவழிச் செய்தியைக் கொண்டும் கூறப்படுவது. மூலச் சான்றைத் தேடிச் செல்பவர்க்கு இந்த அடக்கம் வேண்டும். சான்று எதைச் சொல்கிறதோ அதற்கு மட்டுமே அது சான்று. அது வாய் திறவாத இடத்தில் நாம் அதற்காகப் பேசிவிடலாகாது.

இனி, வேறு வகையான ஒரு செய்தி. ஆசிரியர் தின விழாக்களில் மேடையேறுவோர் பலர் விரும்பிப் படிக்கும் ஒரு மேற்கோள் உண்டு. 1835ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் மெக்காலே பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் பேசியதாகக் கூறப்படுவது அது. இந்தியா முழுவதும் சுற்றினேன், ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ காணவில்லை, இந்நாட்டின் பழைய கல்வி முறையைத் தகர்த்தாலன்றி இதனை நாம் வெல்ல முடியாது என்பது அதன் சாரம். கேட்பதற்கு நமக்கு இனிக்கிறது. கேட்டவுடன் கைதட்டத் தோன்றுகிறது. ஆனால் ஒரே ஒரு வினாவை எழுப்பிப் பாருங்கள்: அன்று அந்த மனிதர் எங்கே இருந்தார்? மெக்காலே 1834 ஜூன் மாதம் சென்னையில் வந்து இறங்கினார். உதகைக்குச் சென்று கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைக் கண்டார். பிறகு கல்கத்தாவில் பணியேற்றார். 1838ஆம் ஆண்டு வரையில் இங்கிலாந்துக்கு அவர் திரும்பவில்லை. கப்பலில் போய்ச்சேரவே பல மாதங்கள் ஆகும் காலம் அது. அதே பிப்ரவரி 2ஆம் நாள் கல்கத்தாவில் அவர் கையெழுத்திட்ட புகழ்பெற்ற கல்விக் குறிப்பு இன்றும் கிடைக்கிறது. அதில் இந்த வாசகம் இல்லை. நம் நாட்டைப் புகழ்வதும் இல்லை. வடமொழி, அரபு இலக்கியங்களை அவர் எவ்வளவு இழிவாகக் கருதினார் என்பதே இருக்கிறது. அவரைக் கண்டிக்க விரும்புவோர்க்கு அவர் உண்மையில் எழுதியதே போதும். எழுதாததைத் தேட வேண்டா.

இதில் உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நமக்குப் பிடிக்காத செய்தியை நாம் எல்லாரும் சோதிப்போம். அதற்கு ஆசிரியர் வேண்டியதில்லை. நம் ஊரை, நம் மொழியை, நம் நாட்டைப் புகழும் செய்தி வரும்போதுதான் நம் சோதனைக் கருவி துருப்பிடித்துப் போகிறது. நம் நாட்டுப் பண்ணே உலகில் மிகச் சிறந்தது என்று யுனெஸ்கோ நிறுவனம் அறிவித்தது என்னும் செய்தி 2008 முதல் சுற்றி வருகிறது. அந்நிறுவனம் அவ்வாறு அறிவித்ததே இல்லை. என் செவிக்கு அதைவிடச் சிறந்த பண் கிடையாது. அதற்கு வெளியார் சான்றிதழ் எதற்கு?

“நூறு பேர் அனுப்பியிருக்கிறார்களே, ஐயா, நூறு பேருமா பொய் சொல்வார்கள்?” என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இதற்கு விடையை ஏட்டுச் சுவடிகளை ஆராய்ந்தோரிடம் கற்கலாம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்துகொண்டே, ஊர் ஊராக ஏடு தேடி, பல சுவடிகளை ஒப்புநோக்கி, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஒரு சுவடியில் இருக்கும் பிழை அப்படியே மற்றொன்றிலும் இருக்குமானால், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது என்று சுவடி ஆய்வாளர் கருதுவர். ஒரு தாய் ஏட்டிலிருந்து பத்துப் படிகள் எடுத்திருந்தால், எண்ணிக்கை பத்து, சாட்சி ஒன்றே. உங்கள் கைப்பேசியில் எழுத்துப் பிழைகூட மாறாமல் நூறு பேரிடமிருந்து வரும் செய்தியையும் அவ்வாறே எண்ணுங்கள்.

இது வெறும் கட்டுரைப் பிழையோடு நிற்கும் காரியமன்று. 2018ஆம் ஆண்டு மே மாதம், குழந்தை கடத்துவோர் உலவுகின்றனர் என்ற வதந்தி வாட்ஸ்அப் வழியே வட மாவட்டங்களில் பரவியிருந்த நேரத்தில், திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றுக்குச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. குலதெய்வ வழிபாட்டுக்காக வந்தவர்கள் அவர்கள். அக்குடும்பத்திலிருந்த, அறுபது வயது கடந்த மூதாட்டி ஒருவர் வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். கூட்டம் கூடியது. அவரை அடித்தே கொன்றது. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் பள்ளியில் படித்தவர்கள் என்று நான் எண்ணிப் பார்த்ததுண்டு. எல்லாருக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்க நம் போன்றோர்தாம் கற்றுக்கொடுத்திருப்போம். படித்ததை நிறுத்தி, “இதை யார் கண்டது?” என்று கேட்க அவர்களுக்குக் கற்பித்தோர் எத்தனை பேர்? ஒரே ஒருவன் அன்று அந்த வினாவை உரக்கக் கேட்டிருந்தால் அந்தத் தாய் வீடு திரும்பியிருக்கக் கூடும்.

இனிச் செய்முறைக்கு வருவோம். எங்கள் பள்ளியில் பழைய விடைத்தாள்களின் எழுதாத பக்கங்களை நான்காக வெட்டிக் குறிப்புச் சீட்டுகள் செய்வோம். ஒரு சீட்டில் ஒரு செய்தி. அதன் கீழே நூலின் பெயர், ஆசிரியர், வெளியான ஆண்டு, பக்க எண். இணையத்தில் கண்டதாயின் தளத்தின் பெயரும் பார்த்த நாளும். நூலிலுள்ள சொற்களை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறி. தம் சொற்களில் எழுதினால் குறி இல்லை. வேறு விதி எதுவும் வைத்ததில்லை. முதல் மாதம் எல்லாரும் முணுமுணுப்பார்கள். இரண்டாம் மாதம் அடுத்தவன் சீட்டில் பக்க எண் இல்லையென்று அவர்களே குற்றம் சாட்டத் தொடங்குவார்கள்.

பக்க எண் எதற்கு என்று கேட்பவர்க்கு ஒரு சிறு விளையாட்டுக் காட்டுவேன். செய்தியைச் சோதித்து ஏற்க வேண்டும் என்று பேசுவோர் எல்லாரும் எடுத்தோதும் குறள் ஒன்று உண்டு. நீங்களும் இந்நேரம் மனத்துக்குள் சொல்லியிருப்பீர்கள். ஆனால் அதே ஈற்றடி கொண்ட குறள்கள் இரண்டு உள்ளன. ஒன்று மெய்யுணர்தலில், 355ஆம் குறள். மற்றொன்று அறிவுடைமையில், 423ஆம் குறள். எது எந்த அதிகாரத்தில் என்று தடுமாறாதவர் குறைவு. நூலைத் திறந்து பார்த்தவனுக்குத் தடுமாற்றம் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அவ்வகராதி, பொருள் கூறுவதோடு, அச்சொல் எந்த நூலில் எவ்விடத்தில் ஆளப்பட்டது என்பதையும் சுருக்கக் குறியால் காட்டும். எங்களை நம்புங்கள் என்று அது சொல்லவில்லை. இதோ இடம், போய்ப் பாருங்கள் என்கிறது.

பிறர் கருத்தைத் தம் கருத்தாகக் காட்டுவது பற்றி நான் நீண்ட நேரம் பேசப் போவதில்லை. தொல்காப்பியர் தாம் கூறும் இலக்கணத்தைக்கூட ‘என்ப’ என்றும் ‘மொழிப’ என்றும் முன்னோர்மேல் ஏற்றிச் சொன்னவர். அவ்வளவு பெரியவர்க்கு அதனால் பெருமை குறைந்துவிடவில்லை.

அண்மைக் காலத்தில், கேட்ட மாத்திரத்தில் கட்டுரையே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்திருக்கின்றன. அவற்றைத் தொடாதீர்கள் என்று சொல்லும் அளவுக்கு நான் பழமைவாதி அல்லேன். ஐயம் கேட்கலாம், கடினமான பகுதியை எளிதாக்கித் தரச் சொல்லலாம். ஆனால் அக்கருவி, இல்லாத நூலுக்குப் பெயர் சூட்டி, ஆசிரியரையும் ஆண்டையும்கூடப் பொருத்தித் தருவதுண்டு. தயக்கமே இல்லாத நடையில் தரும். ஆகவே அது சொல்லும் நூல் ஏதேனும் நூலகத்தில் உண்மையாக இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. அந்த ஒரு வேலையைச் செய்வதற்குள் பாதிப் பாடம் உங்களுக்கு வந்துவிடும்.

ஆசிரிய நண்பர்களும் இதனைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். 2012–13ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தபோது, வளரறி மதிப்பீட்டுக்காகச் செயல்திட்டங்கள் எழுதச் செய்தோம். நல்ல நோக்கம். நடந்தது என்ன? பிள்ளைகள் கணினி மையத்துக்குப் போய்த் தலைப்பைச் சொன்னார்கள். மையத்துக்காரர் அச்செடுத்துக் கொடுத்தார். பெற்றோர் பணம் கொடுத்தார்கள். நாம் வண்ண அட்டையைப் பார்த்து மதிப்பெண் கொடுத்தோம். ஆராய்ச்சி செய்தவர் மையத்துக்காரர் ஒருவரே. நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பது பெரிய தலைப்புகள் கொடுப்பதைவிட, எல்லாருக்கும் ஒரே ஒரு சிறிய வினாவைக் கொடுத்து, விடை எங்கே கிடைத்தது என்பதற்கு மட்டும் மதிப்பெண் இடலாம். திருத்துவதும் எளிது.

அத்தகைய சிறிய வினா ஒன்றை இப்போது உங்களுக்கே தருகிறேன். உங்கள் ஊரில் ஆண்டு பொறித்த கல் ஒன்று நிச்சயம் இருக்கும். கோயிலிலோ, தேவாலயத்திலோ, பள்ளிவாசலிலோ, ஏரி மதகிலோ, பள்ளிக்கூடத்து முகப்பிலோ தேடுங்கள். முதலில் ஊரிலுள்ள பெரியவர் மூவரிடம் அந்தக் கட்டடம் எப்போது, யாரால் எழுந்தது என்று கேட்டு, அவர்கள் சொன்னபடியே மூன்று சீட்டுகளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு போய்க் கல்லைப் படித்து நான்காவது சீட்டை எழுதுங்கள். நான்கும் ஒத்திருந்தால் மகிழுங்கள். ஒத்திராவிட்டால் இன்னும் மகிழுங்கள், ஏனெனில் உங்களுக்கு வேலை கிடைத்துவிட்டது. எழுத்து தேய்ந்திருந்தால் ஆணியாலோ கத்தியாலோ சுரண்ட வேண்டா; சுண்ணாம்பு அடித்திருந்தால் உரிக்கவும் வேண்டா. காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்தரை மணிக்கோ வெயில் சாய்வாக விழும்போது பக்கவாட்டில் நின்று பாருங்கள். நண்பகலில் தெரியாத எழுத்து அப்போது தெரியும்.